முப்பத்தொன்று முதல் முப்பத்தேழு வரை

கரைக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கழுவிட்டீங்களா மேடம்’. படகு யாருடையதாக இருந்தாலும், வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். வணக்கம் கூடப் பிறகுதான். இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “காலையில வீட்டுலயே கழுவிட்டுத்தான் மேடம் கிளம்பினோம்” என்றான் ஒருவன். “உங்களை இல்ல, படகை” என்றார் அவர். எனக்குத் தெரிந்து அவர் அடித்த ஒரே ஜோக் அது. அது ஜோக் என்பதே அவருக்குத் தெரியாது.

நான் அவருக்குப் படகு ஓட்டியவன். ஒன்பது வருடம். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால் மோட்டார் பக்கம். அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த முதுகை வைத்தே அன்றைக்கு மேடம் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். வயதில் நான் பன்னிரண்டு வருடம் மூத்தவன், அதனால் என்னை ‘அண்ணே’ என்பார். படிப்பில் அவர் என்னைவிடப் பன்னிரண்டு வகுப்பு மூத்தவர், அதனால் நான் ‘மேடம்’ என்பேன்.

ஏரிகளுக்குள் என்ன முளைக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. ஏரியின் வரைபடத்தில் நூறு மீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். கையடக்கக் கருவி வழி காட்ட, நான் படகைப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்துவேன். மேடம் வாரியை எறிவார். வாரி என்றால் வேறொன்றுமில்லை, சருகு வாரும் இரும்பு வாரிகள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துப் பற்றவைத்து, கைப்பிடியை எடுத்துவிட்டுக் கயிறு கட்டியது. கைப்பிடி செருகும் குழாய் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மிச்சம் இருக்கும், அதன் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி. வாரி அடிமண்ணைத் தொட்டதும் இழுப்பார். பல்லில் ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம், பல் நிறைந்து வந்தால் மூன்று. எழுதிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போவோம்.

நாங்கள் தேடுவது ஒரே ஒரு செடியை. அதற்கு அலுவலகத் தாள்களில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்களுக்குள் ‘மெத்தை’. யாரோ எங்கிருந்தோ மீன் தொட்டிக்காகக் கொண்டுவந்தது, தொட்டியிலிருந்து ஏரிக்கு வந்துவிட்டது. நுழைந்த மூன்றே கோடையில் தண்ணீரின் மேல்மட்டம் முழுக்க மெத்தை விரித்த மாதிரி ஆகிவிடும். துடுப்பு நகராது, மீன் மூச்சுமுட்டிச் சாகும். விரல் நீளத் துண்டு ஒன்று போதும், புது ஏரியில் வேர் பிடித்துக்கொள்ளும். மண்ணுக்குள் பட்டாணி அளவில் கிழங்கு வேறு வைக்கும். இதே சாயலில் நல்ல செடி ஒன்றும் இருப்பதுதான் தொல்லை. நல்லதற்குத் தண்டைச் சுற்றி மூன்று மூன்றாக இலை, மெத்தைக்கு ஐந்து ஐந்தாக. மேடம் எண்ணுவதோடு விடமாட்டார். இலையின் ஓரத்தை விரலால் எதிர்ப்பக்கமாக நீவிப் பார்ப்பார். பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தால் சந்தேகமே இல்லை.

எங்கள் பொறுப்பில் இருந்த பதினொரு ஏரிகளில் மெத்தை நுழையாதது ஒன்றே ஒன்றுதான். மேடத்தின் வீடு இருந்ததும் அந்த ஏரிக்கரைத் தெருவில்தான். கீழ்த்தளத்தில் மேடமும் அவர் கணவரும், மாடியில் கொழுந்தன் குடும்பம். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர், பேச்சு குறைவு. கொழுந்தன் நேர்மாறு, பேசிக்கொண்டே இருப்பான். ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்கு விடும் கொட்டகை அவனுடையது. மொத்தம் பன்னிரண்டு படகு. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் அவனுடைய படகுத் துறையில், கல்படிக்குப் பக்கத்திலேயே, இரண்டு ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு கண்ணில் பட்டது. மேடம் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளினார். எண்ணினார். இன்னொன்றைக் கிள்ளி எண்ணினார். பின்னாலிருந்து பார்த்த எனக்கு அந்த முதுகு பலகை மாதிரி விறைத்தது தெரிந்தது. ஐந்து.

கொழுந்தன் முந்தைய வருடம் இரண்டு பழைய படகுகளை வேறொரு ஏரிக்கரையிலிருந்து வாங்கி வந்திருந்தான். அந்த ஏரியில் மெத்தை மண்டிக் கிடக்கிறது. மேடம் நேராகக் கொட்டகைக்குள் போனார்.

“அந்த ரெண்டு படகையும் கழுவினியா?”

“கழுவினேன் அண்ணி. ரெண்டு தடவை. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சுடுதண்ணி ஊத்தி.”

“யார் பார்த்தா?”

“படகு கழுவறதை யாரு அண்ணி வந்து பார்ப்பாங்க?” என்று சிரித்தான். அவன் சிரித்தது தப்பாகப் போயிற்று. அவர் அன்று மாலையே அறிக்கை எழுதினார். ‘காரணம்: வாடகைப் படகுகள்.’ மூன்றே சொல். அடுத்த வாரம் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் குழுவில் ஒரே பாராட்டு. சொந்தக் கொழுந்தன் என்றும் பார்க்கவில்லையே, இதுவல்லவா நேர்மை என்றார்கள். மேடத்துக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அந்த நாட்களில் படகில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் நாலு பேரிடம் மார்தட்டினேன், எங்க மேடம் அப்படித்தான் என்று. மாடி வீட்டில் மட்டும் சத்தம் அடங்கிப்போயிற்று. கொழுந்தன் வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டை விட்டுவிட்டு, வெளியே பின்பக்கம் இருந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்க ஆரம்பித்தான். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘பாசிக்காரி’ என்று கூப்பிடுகிறார்கள் என்று மேடத்தின் கணவர் என்னிடம் சொன்னார். மேடத்திடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எங்கள் அதிகாரி அடுத்த நடவடிக்கையைத் தயார்செய்தார். மெத்தை படகுகளோடு ஏரி முழுக்கச் சுற்றியிருக்கும், எங்கெங்கே துண்டு விழுந்ததோ தெரியாது, ஆகவே ஏரி முழுவதுக்கும் மருந்து ஊற்றுவது, இரண்டு வருடம் யாரையும் இறங்க விடாமல் மூடுவது, கொட்டகையின் அனுமதியை ஒரேயடியாக ரத்துசெய்வது. முடிவெடுக்கக் கூட்டம் வைத்து நாளும் குறித்துவிட்டார்கள். அதற்குள் முழு ஏரியையும் அளந்து தர வேண்டியது எங்கள் பாடு. மொத்தம் அறுபது புள்ளி.

ஒன்று முதல் முப்பது வரை பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் என் மனசு லேசானது. துறையோடு நின்றுவிட்டதுபோல என்று நினைத்தேன். முப்பத்தொன்றில் வாரி கனமாக வந்தது. மேடம் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்தார். பல் முழுக்கப் பச்சை. எண்ணவே தேவையில்லை, ஆனாலும் எண்ணினார். மூன்று என்று எழுதினார். முப்பத்திரண்டில் இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. முப்பத்துநான்கில் ஒன்று. பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று. முப்பத்தெட்டில் பூஜ்யம். அறுபது வரை பூஜ்யம்.

கரைக்கு வரும்வரை அவர் குனிந்து, எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியே போயிற்றே என்ற வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் படகின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் இருந்த பாத்திரங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்திருந்தார். கணவர் எனக்கு டீ கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். அந்த வீட்டில் யாருக்கும் எதிலும் புத்தி நிற்கவில்லை.

“அண்ணே, போன வருஷம் முப்பத்தொண்ணுல என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?”

“வாரி மாட்டிக்கிச்சு மேடம். அடியில மரக்கட்டை. பத்து நிமிஷம் மல்லுக்கட்டி இழுத்தோமே.”

“இதைப் பாருங்க. மூணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. இது வடக்குக் கரை. வாடகைப் படகுக்கு இங்க அனுமதியே இல்ல. காத்து இப்படி நம்பர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விதைக்குமா? முப்பத்தொண்ணுலருந்து முப்பத்தேழுக்கு இந்த வரிசையில போற படகு ஏரியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் படகு.

கணவர் அடுப்புப் பக்கம் நின்றபடியே கேட்டார்: “நீங்க புள்ளியில மட்டும்தானே வாரி போடறீங்க? நடுவுல போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? அங்கயும் இருக்கலாம்ல?”

அந்த மனுஷனை நான் அதுவரை அறிவாளி என்று நினைத்ததில்லை. மேடம் தலை நிமிர்ந்தார். உண்மைதான். புள்ளியில் மட்டும் தேடினால் புள்ளியில் மட்டும்தான் அகப்படும். நடுவிலும் மெத்தை இருந்தால் அது தானாகப் பரவியது, எங்கள் தலை தப்பும். நடுவில் இல்லாவிட்டால், நாங்கள் படகை நிறுத்தி வாரி போட்ட இடங்களில் மட்டும் அது முளைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த நாள் காலையில் அதற்கென்றே போனோம். காற்று இல்லை, தண்ணீர் அசையவில்லை. முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே படகை நிறுத்தினேன். மேடம் எறிந்தார். கயிறு ஓடி, நின்று, மெல்லத் திரும்பி வந்தது. வாரியில் ஒன்றும் இல்லை. பல்லிடுக்கில் கொஞ்சம் மணல் மட்டும் ஒட்டியிருந்தது. வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. ஒன்றும் இல்லை.

ஒன்பது வருடமாக வாரி காலியாக வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். அன்றைக்கு எல்லாம் தலைகீழ். வந்துவிடு, ஒரே ஒரு துண்டாவது வந்துவிடு என்று அந்தப் பாழாய்ப்போன செடியை நான் மனசுக்குள் கெஞ்சினேன். இடைவெளிக்கு மூன்று வீச்சு. முப்பத்திரண்டு கடந்தோம், ஒன்றுமில்லை. முப்பத்துமூன்று, நான்கு, ஐந்து. பதினைந்து வீச்சு, பதினைந்தும் பூஜ்யம். கயிறு உரசி மேடத்தின் உள்ளங்கை சிவந்திருந்தது. நான் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கடைசி இடைவெளி. முதல் வீச்சு காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் கயிறு கனத்தது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன், படகு ஆடியது. பல்லில் ஒரு கை அளவுக்குப் பச்சை, நீர் சொட்டச் சொட்ட. மேடம் தண்டைப் பிடித்து, என் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படி எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

அடுத்த கணுவில் எண்ணினார். மூன்று. இலை ஓரத்தை நீவினார். வழவழவென்றிருந்தது. ஏரியின் சொந்தச் செடி. நல்ல செடி. அதைப் பார்த்து இப்படி நெஞ்சு உடைந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

மேடம் அதைப் பத்திரமாகத் தண்ணீரிலேயே விட்டார். பிறகு பல்லிடுக்கில் இருந்த மணலை உள்ளங்கையில் தட்டி என்னிடம் காட்டினார்.

“இந்த வடக்குப் பக்கம் பூரா மணல், அண்ணே. போன வருஷம் இந்தப் பக்கம் அளந்த அன்னைக்குச் சாயங்காலம் கொழுந்தன் துறையில வாரியைக் கழுவினேன்ல, அப்பக் குழாய் திறந்து கிடந்துச்சு. உள்ள சேறு அடைச்சிருந்துச்சு. குச்சியால குத்தி, கல்படியில தட்டித் தட்டிக் கழுவினேன். ‘இந்த ஏரிச் சேறு, இந்த ஏரிக்கே போகட்டும்’னு சொன்னேன். அந்தச் சேறு கறுப்பு. கருகருன்னு. மணல்ல வாரி போட்டா கறுப்புச் சேறு எங்கேருந்து வரும்? அதுக்கு முந்தின வாரம் நாம எந்த ஏரியில இருந்தோம்?”

மெத்தை மண்டிய ஏரியில் இருந்தோம். அதன் அடி முழுக்கக் கறுப்புச் சேறு.

“ஆனா அங்கேருந்து கிளம்பும்போது எல்லாத்தையும் கழுவி, அஞ்சு நாள் காய வெச்சோம். குழாய்க்கு மூடி இருந்துச்சு. சேறு எப்படி உள்ள போச்சு? எப்படிக் காயாம இருந்துச்சு? அதுதான் எனக்குப் புரியல.”

எனக்குப் புரிந்தது. நான் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“அந்த ஏரியில ரப்பர் மூடி கழண்டு விழுந்துருச்சு மேடம். சாயங்காலம் கழுவறதுக்கு முன்னாடி பார்த்தேன். பழைய செருப்பை வெட்டி அடைச்சு வெச்சேன். இறுக்கமா இருக்கட்டும்னு சுத்தியால தட்டினேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கல. உங்ககிட்ட சொல்ல இதெல்லாம் ஒரு விஷயமான்னு விட்டுட்டேன்.”

அதாவது, கிழங்கும் சேறுமாக ஈரம் காயாமல் நானே சீல் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். மரக்கட்டையில் மாட்டி இழுத்ததில் என் செருப்புத் துண்டு பிடுங்கிக்கொண்டது. ஏழு புள்ளியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. மிச்சத்தை மேடம் கழுவுகிறேன் பேர்வழி என்று கொழுந்தன் வாசலிலேயே கொட்டினார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் கெஞ்ச ஆரம்பித்தேன். “மேடம், எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். இதை மட்டும் சொல்லிடாதீங்க.” அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகிலிருந்து முதல்முறையாக என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

கூட்டம் நடந்த அறையில் நாற்பது நாற்காலி, அன்றைக்கு உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். கொழுந்தன் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் மேடத்தின் கணவர். ஆரம்பிப்பதற்கு முன்பு அதிகாரி மேடத்தை வெளியே நடைவழிக்கு அழைத்துப் போனார். கதவுப் பக்கம் நின்றதால் எனக்குக் கேட்டது.

“உங்க புது அறிக்கையைப் படிச்சேன். எதுக்கும்மா வம்பு? ‘காரணம் தெரியவில்லை’ன்னு மாத்திடுங்க. கொழுந்தனுக்கும் விடுதலை, உங்களுக்கும் தொல்லை இல்ல, நம்ம ஆபீஸுக்கும் மானம் போகாது.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அதைவிட நல்ல வழி யார் சொல்வார்கள்? எல்லோரும் தப்பித்துவிடலாம்.

“காரணம் தெரியலைன்னா எங்கெங்க இருக்குன்னும் தெரியாது சார்” என்றார் மேடம். “அப்ப ஏரி பூரா மருந்து ஊத்துவீங்க. நாங்கதான் கொண்டுவந்தோம்னா எட்டே எட்டு இடம். ஆளை இறக்கிக் கையால தோண்டி எடுத்துடலாம். ஏரி பிழைச்சுக்கும்.”

உள்ளே போய் நின்று படித்தார். சுற்றி வளைக்கவில்லை. போன வருடம் ஆய்வுப் படகின் வாரிக் குழாயில் வேறு ஏரியின் சேறு இருந்தது, அதைக் கவனிக்காதது ஆய்வாளரின் தவறு, வாடகைப் படகுகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முன்பு தான் எழுதியது ஆதாரம் இல்லாமல் எழுதியது என்று படித்தார். படித்து முடித்ததும் சுவரோரம் நின்ற ஒருவன் குரலை மாற்றிக் கேட்டான்: “கழுவிட்டீங்களா மேடம்?”

அறையே சிரித்தது. மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“கழுவினேன். கழுவின இடத்துலதான் முளைச்சிருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. ஆய்வாளரின் தவறு என்று ஒருமையில் எழுதியிருந்தார். நான் எழுந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். முழங்காலுக்கு நடுவே கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொழுந்தன் யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனான்.

கொட்டகைப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். மேடத்தை ஆய்வு வேலையிலிருந்து எடுத்துவிட்டுத் தோண்டுகிற ஆட்களோடு போட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வலையும் வாளியும் ஏற்றிப் படகு ஓட்டினேன். ஆழத்தில் இருந்த ஏழு இடத்துக்கும் முங்குகிறவர்கள் இறங்கினார்கள். ஒரு துண்டு கூட மிதந்து தப்பிக்கக் கூடாதென்று சுற்றிலும் வலை கட்டி, கிழங்கு கிழங்காகப் பொறுக்கினார்கள். எட்டாவது இடம், கொழுந்தனின் துறை, இடுப்பளவுத் தண்ணீர்தான். அதை மேடம் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். நான்கு நாளாகக் காலை முதல் மாலை வரை தண்ணீரில் நின்று சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசிக்கொண்டிருந்தார். கொழுந்தன் பத்தடி தள்ளிப் படகுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். இருவரும் பேசவில்லை. கூட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவில்லை.

ஐந்தாம் நாள் நான் வாளியை எடுக்கக் கரையேறியபோது கொழுந்தன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். படகு வைத்துப் பிழைக்கிறவன், சாமான்கள் அவனுக்கு அத்துப்படி.

“அண்ணே, அந்த வாரிக் குழாய்க்கு மூடி கிடையாதா?”

“உண்டு.”

“அப்புறம் எப்படிச் சேறு உள்ள போச்சு?”

பத்தடி தள்ளி மேடம் குனிந்து அலசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் தூரம்தான்.

“கழண்டு போச்சு. செருப்பை வெட்டி அடைச்சேன். உள்ள பார்க்காம அடைச்சேன்.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியும். கூட்டத்துக்கு முன்னாடியே சொன்னேன்.”

அவன் என்னை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்குப் போனான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“இவரை மட்டும் மறைக்கத் தெரிஞ்சுதா உங்களுக்கு? நான் என்ன கேட்டேன், மறைக்கவா சொன்னேன்? ஒரு நாள் பொறுத்து விசாரிச்சிருக்கக் கூடாதா? என் பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. கீழ இருக்கற உங்களுக்கு அது அழறது கேக்கவே இல்லையா?”

மேடம் நிமிர்ந்தார். முழங்கை வரை சேறு. சல்லடையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

“மறைக்கலப்பா. கூட்டத்துல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. அன்னைக்கு உன்னைப் பத்தியும் யாரும் கேக்கல. நானாப் போய் எழுதினேன். தெரிஞ்சு எழுதல. சொந்தக் கொழுந்தனையே விடலைன்னு நாலு பேர் சொல்லுவாங்கள்ல, அதுக்காக எழுதினேன். அந்தச் சேத்தைவிட அதுதான் பெரிய தப்பு. அதைத்தான் கூட்டத்துல சொல்லியிருக்கணும். வாய் வரல.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். கண்ணைத் துடைக்கக் கையில் சுத்தமான இடம் இல்லை, அப்படியே நின்றார். ஒன்பது வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டியவனும் நானில்லை. அவர் சுமந்துகொண்டிருந்ததில் பாதி என்னுடையது.

கொழுந்தன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

“அந்தக் கல்லுக்கு அடியில நீங்க இன்னும் கை வைக்கல” என்றான். “அது புரளும். தனியாப் புரட்டினா காலை நசுக்கிடும்.”

இருவரும் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒரு கைப்பிடி கிழங்கு இருந்தது.

நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு, ஈரக் காலோடு அலுவலகத்துக்கு நடந்தேன். அதிகாரியின் அறையில் ஒரு தாள் வாங்கி, மூடி கழன்றது, செருப்பை வெட்டியது, சுத்தியால் தட்டியது எல்லாவற்றையும் என் கோழிக் கிறுக்கலில் எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாம் முடிஞ்சு போச்சேய்யா. இப்ப எதுக்கு இது? உன்னை யாரும் கேக்கலையே?”

“அதனாலதான் சார்” என்றேன்.